அணுகத்தக்க கழிவறையில் கமோட் பொருந்தவில்லையா? அறிகுறியைக் கொண்டு காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் தேதி சொன்ன அன்று மாலையே பல குடும்பங்கள் கமோட் வாங்கக் கடைக்குப் புறப்படுகின்றன. இடுப்பெலும்பு முறிந்தவரோ, பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவரோ, தண்டுவடக் காயத்தால் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டவரோ இரண்டு நாளில் வீடு திரும்பப் போகிறார். வீட்டிலோ தரையோடு பதித்த இந்திய வகைக் கோப்பைதான் இருக்கிறது. அந்த அவசரத்தில் நிறத்தையும் விலையையும் பிராண்டையும் பார்த்து வாங்கிய கமோட் சுவரோரம் பொருத்தப்படுகிறது. ஒரு வாரத்துக்குள் குறை தெரியத் தொடங்கினாலும், “அவருக்கு இன்னும் பழகவில்லை” என்ற ஒரு சொல்லால் அது மூடப்பட்டுவிடுகிறது.

என் தந்தைக்கு வலப்பக்கம் பக்கவாதம் வந்தபோது எங்கள் வீட்டிலும் இதுவே நடந்தது. ஒரே ஆண்டில் இரண்டு முறை கமோட்டை மாற்றினோம். இரண்டாவது முறை மாற்றியபோதுதான், முதலில் பொருத்தியதில் கமோட்டைவிட அதன் இடமும் கைப்பிடிக் கம்பியின் பக்கமுமே தவறாக இருந்தன என்பது புரிந்தது. பீங்கானை உடைத்து எடுப்பதற்கு முன்பு எந்த அளவு தவறியிருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியும். அதற்கான தடயம் பயன்படுத்துபவரின் உடலிலும் அசைவிலும் இருக்கிறது என்பதால், கீழே உள்ளவற்றை அந்த அறிகுறிகளின் வழியாகவே எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன் எடுக்க வேண்டிய அளவுகள்

ஒரு அளவுநாடாவும் ஒரு தாளும் போதும். முதலில் ஆளை அளக்க வேண்டும். அவரை உறுதியான நாற்காலியில் நேராக உட்காரவைத்து, கழிவறைக்கு எப்படிப் போவாரோ அப்படியே, அதாவது வெறுங்காலோடோ செருப்போடோ, முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரை வரை உள்ள உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவரானால், அவர் உட்கார்ந்து மெத்தை அமுங்கிய நிலையில் அந்த இருக்கையின் உயரத்தையும் எடுக்க வேண்டும். மெத்தையை வெறுமனே அளந்தால் ஓர் அங்குலம் வரை கூடுதலாகக் காட்டக்கூடும்.

பிறகு கமோட். தரையிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை, பின்சுவரிலிருந்து கமோட்டின் முன்விளிம்பு வரை, பக்கச்சுவரிலிருந்து கமோட்டின் நடுக்கோடு வரை என மூன்று அளவுகளை எடுங்கள். கடைகளின் விலைப்பட்டியலில் அச்சிட்டிருக்கும் உயரம் பெரும்பாலும் பீங்கானின் உயரம் மட்டுமே. சீட் அதன்மேல் சுமார் 20 மி.மீ. கூட்டும். இந்த ஐந்து எண்களும் கையில் இருந்தால், இனி வரும் ஒவ்வோர் அறிகுறிக்கும் காரணத்தைக் கண்டுபிடிப்பது கடினமல்ல.

அறிகுறி: உட்காரும்போது தொப்பென்று விழுகிறார், எழ இரண்டு மூன்று முறை முயல வேண்டியிருக்கிறது

சீட் தாழ்ந்திருக்கிறது என்பதற்கு இதுவே நேரான அடையாளம். நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண கமோட்டுகளின் சீட் உயரம் சுமார் 400 மி.மீ., அதாவது 16 அங்குலத்தை ஒட்டியே இருக்கிறது. முழங்கால் தசை வலுவிழந்தவருக்கு, உட்காரும் அசைவின் கடைசி இரண்டு மூன்று அங்குலங்களைத் தாங்கிக் கட்டுப்படுத்துவதுதான் மிகவும் கடினம். அதனால் அந்த இடத்தில் உடல் விழுந்துவிடுகிறது. இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவருக்கு இது மேலும் ஆபத்தானது, ஏனெனில் மருத்துவர் குறிப்பிடும் காலம் வரை இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது என்று பலருக்கு அறிவுறுத்தப்படுகிறது. தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிட உயர்ந்து அந்த எல்லை தாண்டப்பட்டுவிடும்.

பொதுக் கட்டடங்களுக்காக மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டு நெறிமுறைகள் சீட் உயரத்தை 450 முதல் 480 மி.மீ. வரை வைக்கச் சொல்கின்றன. அமெரிக்க அளவு 17 முதல் 19 அங்குலம். பிரிட்டனில் 480 மி.மீ. பலதரப்பட்ட மனிதர்கள் வந்துபோகும் இடத்துக்கு இப்படி ஒரு நடுவான அளவு தேவைப்படுகிறது. வீட்டிலோ ஒருவரை மனத்தில் வைத்து அமைக்க முடியும். எழுவதில் சிரமப்படும், ஆனால் நடக்கக்கூடிய ஒருவருக்கு, முழங்காலின் பின்மடிப்பு உயரத்தைவிட ஓரிரு அங்குலம் கூடுதலாக வைத்தால் போதும். சக்கர நாற்காலியிலிருந்து மாறுபவருக்கு நாற்காலி இருக்கையும் சீட்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும்.

உயர்த்துவதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன. மருத்துவ உபகரணக் கடைகளில் 2, 4, 6 அங்குல உயரங்களில் பிளாஸ்டிக் உயர்த்தும் சீட்டுகள் கிடைக்கும். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய சில வாரங்களுக்கு அவை பயன்படும். நிரந்தரத் தீர்வாக நான் பரிந்துரைப்பதில்லை. தண்ணீர் கொண்டு கழுவும் நம் வழக்கத்தில், உயர்த்தியின் சுவர் கை உள்ளே போவதைத் தடுக்கிறது. அதற்கும் பீங்கானுக்கும் இடையிலுள்ள சந்தில் அழுக்கு நீர் தேங்குகிறது. பக்கவாட்டில் சாய்ந்து உட்காருபவருக்குக் கீழே அது வழுக்கவும் கூடும்.

இரண்டாவது வழி, இருக்கும் கமோட்டைக் கழற்றி அதன் அடியில் சிமென்ட் மேடை கட்டுவது. செலவு குறைவு, உறுதியும் உண்டு. ஆனால் மேடை கமோட்டின் அடிப்பாகத்தைவிட ஒரு விரல்கூட வெளியே நீண்டிருக்கக் கூடாது. கொத்தனார்கள் அழகுக்காக அகலமாகக் கட்டி டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள். அப்படிச் செய்தால் எழுபவர் தம் பாதத்தைப் பின்னுக்கு இழுத்து ஊன்ற இடம் இருக்காது. பாதம் முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இருந்தால்தான் உடல் முன்சாய்ந்து எழ முடியும். சக்கர நாற்காலியின் கால்தாங்கியும் அந்த மேடையில்தான் முட்டும். வடிகால் இணைப்பும் அதே அளவு உயர வேண்டும் என்பதைப் பிளம்பரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, உயரம் கூடிய கமோட்டையே வாங்குவது. நான்காவது, சுவரில் தொங்கும் வகையை வேண்டிய உயரத்தில் பொருத்துவது. உயரத்தை நாமே தீர்மானிக்கலாம் என்பதும், அடியில் பாதத்துக்கு இடம் கிடைப்பதும் தொங்கும் வகையின் பெரிய நன்மைகள். அதன் குறையைப் பிறகு சொல்கிறேன்.

அறிகுறி: கால் தரையில் பதியாமல் தொங்குகிறது, தொடை மரத்துப்போகிறது, முன்பு இல்லாத மலச்சிக்கல் வந்திருக்கிறது

இது முந்தையதற்கு எதிரான தவறு. ‘உயரமானதுதான் முதியோருக்கு நல்லது’ என்று கேள்விப்பட்டு 19 அங்குலத்தில் வாங்கிவிட்ட வீடுகளில் இதைக் காணலாம். ஐந்தடிக்கும் குறைந்த உயரமுள்ள பெண்களுக்கு முழங்காலின் பின்மடிப்பு 16 அங்குலத்துக்கும் கீழே இருக்கும். அவர்கள் 19 அங்குல சீட்டில் உட்கார்ந்தால் சீட்டின் முன்விளிம்பு தொடையின் அடிப்பகுதியை அழுத்தும். கால் ஊன்றாததால் உடல் நிலைகொள்ளாது. முக்குவதற்குத் தேவையான பிடிமானமும் கிடைக்காது. வாழ்நாள் முழுவதும் குந்தி உட்கார்ந்து பழகியவர்களுக்கு இந்த மாற்றம் இன்னும் கடுமையாகத் தெரியும். குந்தும்போது மலக்குடலின் வளைவு நேராகி வழி எளிதாகிறது. உயரமான சீட்டில் கால் தொங்க உட்காரும்போது அந்த உதவி முற்றிலும் போய்விடுகிறது.

எங்கள் வீட்டில் தந்தை உயரமானவர், தாய் நான்கடி பத்து அங்குலம். ஒரே கழிவறை. தந்தைக்கு ஏற்ற உயரம் தாயாரை வாட்டியது. இத்தகைய இடத்தில் யாருடைய தேவை விழுந்துவிடும் ஆபத்தோடு பிணைந்திருக்கிறதோ அவருக்கேற்ப சீட் உயரத்தை வைத்து, மற்றவருக்குக் கால் பலகை கொடுப்பதே சரி என்பது என் முடிவு. பலகை அகலமாக, அடியில் ரப்பர் ஒட்டியதாக, நான்கைந்து அங்குலத்துக்கு மேல் உயராததாக இருக்கட்டும். கமோட்டின் முன்புறம் அணைத்தாற்போல அரைவட்டம் வெட்டிய பலகை நகராது. முக்கியமானது, அவர் எழுந்து வந்ததும் பலகையை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைக்கும் பழக்கம். அடுத்து உள்ளே வருபவர் தடியூன்றி நடப்பவர் என்பதை யாரும் மறக்கக் கூடாது.

அறிகுறி: சக்கர நாற்காலி கமோட்டின் அருகே வருகிறது, ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது, மாறும்போது பின்பக்கம் அதில் இறங்கிவிடுகிறது

இதுவே மிகுதியான விபத்துகளை உண்டாக்கக்கூடியது; கடையில் யாரும் பேசாததும் இதுதான். காரணம் கமோட்டின் நீளத்தில் இருக்கிறது.

பக்கவாட்டில் மாறும் ஒருவர் சக்கர நாற்காலியைக் கமோட்டுக்கு இணையாகப் பின்னோக்கி ஓட்டிவந்து நிறுத்துகிறார். வழக்கமான நாற்காலியின் பெரிய சக்கரம் 24 அங்குல விட்டம் கொண்டது. அதன் அச்சு முதுகுப்பட்டைக்கு நேர்கீழே இருப்பதால் சக்கரத்தில் பாதி, அதாவது 300 மி.மீ., முதுகுக்குப் பின்னால் நீண்டிருக்கிறது. சக்கரம் பின்சுவரில் முட்டி நின்றதும் முதுகுப்பட்டை சுவரிலிருந்து 300 மி.மீ. தள்ளி நிற்கும். இருக்கையின் ஆழம் 400 மி.மீ. அல்லது அதற்குச் சற்று மேல். இரண்டையும் கூட்டினால் இருக்கையின் முன்விளிம்பு சுவரிலிருந்து 700 மி.மீ.க்கும் அப்பால் இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் கமோட்டின் முன்விளிம்பு 500 மி.மீ.யிலேயே முடிந்துவிட்டால், அவர் பக்கவாட்டில் நகர்வதோடு பின்பக்கமாகவும் வளைந்து நகர வேண்டும். கையின் பலத்தால் மட்டுமே உடலைத் தூக்குபவருக்கு அந்த வளைவு இயலாத ஒன்று. அணுகத்தக்க கழிவறைக்கான பிரிட்டன் விதி கமோட்டின் நீளத்தை 700 முதல் 750 மி.மீ. என்று வைத்திருப்பதன் பின்னணி இதுதான்.

இப்போது சுவரில் தொங்கும் வகையின் குறைக்கு வருவோம். அடுக்குமாடி வீடுகளில் இடத்தை மிச்சப்படுத்துவதற்காக வரும் தொங்கும் கமோட்டுகள் 480 முதல் 560 மி.மீ. வரைதான் நீளுகின்றன. பார்க்க நேர்த்தியாக இருந்தாலும் சக்கர நாற்காலிக்காரருக்கு அவை குறுகியவை. தொட்டி சேர்ந்தே வரும் தரைவகைக் கமோட் தொட்டியோடு 650 முதல் 700 மி.மீ. வரை நீள்வதால், குறைந்த செலவில் பெரும்பாலானவர்களுக்கு அதுவே பொருத்தமானது. பின்னால் சாய்ந்துகொள்ளத் தொட்டி ஒரு முதுகுத்தாங்கியாகவும் அமைகிறது. தொங்கும் வகைதான் வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. மறைவுத் தொட்டியைச் சுவருக்குள் குடையாமல், இரும்புச் சட்டத்தோடு சுவருக்கு முன்னால் நிறுத்தி, அதை மட்டும் மூடுகிற அளவில் சுமார் 200 மி.மீ. ஆழத்துக்கு ஒரு பெட்டிச் சுவர் கட்டிவிட்டால், 540 மி.மீ. கமோட்டின் முன்விளிம்பு 740-க்கு வந்துவிடும். பெட்டிச் சுவர் சட்டத்தைவிட அகலமாகப் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அறை முழுவதும் இழுத்துக் கட்டினால் சக்கர நாற்காலியும் அதே 200 மி.மீ. முன்னால் வந்துவிடும், செய்த வேலை வீணாகும்.

கமோட்டின் நீளம் சரியாக இருந்தும் பள்ளம் விழுகிறதென்றால், நாற்காலியைப் பாருங்கள். மலிவான மடக்கு நாற்காலிகளில் கைத்தாங்கி நிலையானது. அதைத் தாண்டிப் பக்கவாட்டில் நகரவே முடியாது. கைத்தாங்கி கழற்றக்கூடிய அல்லது மேலே மடங்கக்கூடிய நாற்காலி இல்லாமல் பக்கவாட்டு மாற்றத்துக்காகக் கழிவறையை அமைப்பதில் பயனில்லை. அடுத்து இடத்தைப் பாருங்கள். கமோட்டின் திறந்த பக்கத்தில் 900 மி.மீ. அகலம் வெறுமையாக இருக்க வேண்டும். வரைபடத்தில் அந்த இடம் இருக்கும். வீட்டில் அங்கே அண்டா, வாளி, துடைப்பம், துணி ஊறவைத்த டப் எல்லாம் வந்து உட்கார்ந்துவிடும். கமோட் மாற்றும் செலவில் சிறு பங்கை எடுத்துச் சுவரில் ஓர் அலமாரி அடிப்பதே பல வீடுகளில் உண்மையான தீர்வு.

எஞ்சும் இரண்டு மூன்று அங்குல இடைவெளிக்கு, வழுவழுப்பாக இழைத்த டிரான்ஸ்ஃபர் போர்டு எனப்படும் பலகையைப் பாலமாக வைக்கலாம். உணர்ச்சியற்ற தோலைப் பலகைமேல் உரசி இழுக்கக் கூடாது. தூக்கி வைத்துத் தூக்கி வைத்து நகர வேண்டும் என்பதைப் பிசியோதெரபிஸ்டிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள்.

அறிகுறி: சக்கரம் வைத்த கமோட் நாற்காலி பீங்கானுக்கு மேலே ஏறி நிற்கவில்லை

உயரம் கூடிய கமோட் வாங்கிய வீடுகளில் மட்டும் வரும் சிக்கல் இது. நடுவில் துளையுள்ள இந்த நாற்காலியைப் பின்னோக்கித் தள்ளிக் கமோட்டின் மேல் நிறுத்துவார்கள்; ஆள் மாற வேண்டியதே இல்லை. அதற்கு நாற்காலிச் சட்டத்தின் அடிப்பகுதி பீங்கானைவிட உயரமாக இருக்க வேண்டும். ஆகவே இந்த நாற்காலியை நம்பியிருப்பவருக்குச் சாதாரண 16 அங்குலக் கமோட்டே போதுமானது, உயர்ந்தது தடையாகும். நாற்காலியை முதலில் வாங்கி, அதன் அடிச்சட்ட உயரத்தை அளந்துகொண்டு, பிறகு கமோட்டைத் தேர்வு செய்யுங்கள். கமோட்டின் இருபுறமும் நாற்காலியின் சக்கரங்கள் ஓடத் தேவையான இடம் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

அறிகுறி: சீட் பக்கவாட்டில் நழுவுகிறது, அல்லது கமோட்டே ஆடுகிறது

நேராக உட்கார்ந்து எழுபவரின் எடை கீழ்நோக்கி மட்டும் இறங்குகிறது. பக்கவாட்டில் மாறுபவர் சீட்டை ஒரு பக்கமாகத் தள்ளுகிறார். மெதுவாக மூடும் அழகான மூடிகளின் பிளாஸ்டிக் கீல் இந்தத் தள்ளலுக்காகச் செய்யப்பட்டதல்ல. சில மாதங்களில் விரிசல் விடும். துருப்பிடிக்காத எஃகுக் கீலும், சீட்டின் அடியில் பீங்கானின் உள்விளிம்பைப் பற்றி நிற்கும் ரப்பர் கட்டைகளும் உள்ள சீட்டைத் தனியாகக் கேட்டு வாங்கலாம். மூடி இல்லாத வெறும் வளையமே பக்கவாட்டு மாற்றத்துக்கு வசதி. உணர்ச்சியற்றவர்களுக்கு மெத்தை போன்ற சீட் தேவை. கடினமான சீட்டில் அரை மணி நேரம் உட்காருவது அழுத்தப்புண்ணில் கொண்டுபோய் விடும்.

கமோட்டே ஆடினால் சீட்டை மாற்றிப் பயனில்லை. தரைவகையை வெள்ளைச் சிமென்ட் பூசி உட்காரவைத்துவிட்டுப் போகும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அடித்துளைகளில் திருகாணி முடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ரசமட்டம் வைத்து மட்டம் பாருங்கள். கழிவறைத் தரைக்கு வாட்டம் விட்டிருப்பதால் கமோட்டின் ஒரு பக்கம் இயல்பாகவே இடைவெளிவிடும். அங்கே தகடு கொடுத்து முடுக்க வேண்டும். தொங்கும் வகை ஆடினால் உடனே பயன்பாட்டை நிறுத்திவிடுங்கள். நாலரை அங்குலச் சுவரிலோ ஹாலோ பிளாக் சுவரிலோ நேரடியாக போல்ட் போட்டிருப்பதே பெரும்பாலும் காரணம். எடையைத் தரைக்குக் கடத்தும் இரும்புச் சட்டம் இல்லாமல் அத்தகைய சுவரில் தொங்கும் கமோட்டைப் பொருத்தக் கூடாது.

அறிகுறி: கைப்பிடிக் கம்பி இருக்கிறது, ஆனால் அவர் அதைப் பிடிப்பதே இல்லை

அவர் எதைப் பிடிக்கிறார் என்று ஒரு வாரம் கவனியுங்கள். ஹெல்த் ஃபாசெட்டின் குழாயையா, துண்டு போடும் கம்பியையா, வாஷ்பேசின் விளிம்பையா? அவர் கை இயல்பாகப் போகும் இடம்தான் கம்பி இருந்திருக்க வேண்டிய இடம்.

முதல் தவறு பக்கம். பக்கவாதம் வந்தவருக்கு வலுவுள்ள கையின் பக்கத்தில் சுவரும் கம்பியும் இருக்க வேண்டும். என் தந்தைக்கு இடக்கைதான் வலுவானது. எங்கள் முதல் கமோட்டில் சுவர் அவருடைய வலப்பக்கம் இருந்தது. செயலற்ற கைக்கு அருகே பளபளப்பான கம்பியைப் பொருத்திவிட்டு, அவர் முயலவில்லை என்று வருந்திக்கொண்டிருந்தோம். இடப்பக்கம் சுவர் இருக்கும்படி கமோட்டைத் திருப்பி அமைத்தபோது, வலப்பக்கம் திறந்திருந்த இடத்தில் சக்கர நாற்காலி நின்றது. அவர் தம் வலுவுள்ள இடப்பக்கம் நோக்கி மாற முடிந்தது. திரும்பும்போது வலுவிழந்த பக்கம் நோக்கி மாற வேண்டும் என்பதால் அப்போது ஒருவர் உடனிருக்க வேண்டியிருந்தது. எந்த அமைப்பிலும் இரண்டில் ஒரு திசை கடினமாகத்தான் இருக்கும். உள்ளே போவது, வெளியே வருவது ஆகிய இரண்டையும் நடத்திப் பார்த்துவிட்டே கமோட்டின் இடத்தை முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது தவறு தூரம். பக்கச்சுவரிலிருந்து கமோட்டின் நடுக்கோடு 450 முதல் 500 மி.மீ.க்குள் இருந்தால்தான் முழங்கையை மடித்துக் கம்பியில் அழுத்தி எழ முடியும். அதைவிடத் தள்ளிப்போனால் கை நீண்டு, தோள் விலகி, கம்பி வெறும் அலங்காரமாகிவிடும். மூன்றாவது உயரம். சீட்டுக்கு மேல் 200 முதல் 300 மி.மீ., அதாவது தரையிலிருந்து சுமார் 700 மி.மீ. உயரத்தில் படுக்கைவாட்டுக் கம்பி இருக்கலாம். அழுத்தி எழுவதற்கு அதுவும், எழுந்து நின்றபின் நிலைகொள்ளக் கமோட்டின் முன்விளிம்புக்குச் சற்று முன்னே ஒரு செங்குத்துக் கம்பியும் தேவை. சீட்டை உயர்த்தினால் கம்பியையும் அதே அளவு உயர்த்த வேண்டும் என்பது பலர் மறந்துவிடும் ஒன்று. திறந்த பக்கத்துக்கு மேலே மடங்கும் கம்பிதான் பொருத்தமானது. அங்கே நிலையான கம்பி போட்டால் நாற்காலிக்கு வழி அடைபடும்.

கம்பியின் தடிமன் 32 முதல் 40 மி.மீ., சுவருக்கும் அதற்கும் இடைவெளி சுமார் 40 மி.மீ. இருக்கட்டும், இடைவெளி மிகுந்தால் கை உள்ளே நழுவி மாட்டிக்கொள்ளும். அமெரிக்க விதிப்படி கம்பி 250 பவுண்டு, சுமார் 113 கிலோ விசையைத் தாங்க வேண்டும். பிளாஸ்டிக் செருகியில் மரத் திருகாணி போட்ட கம்பி அதில் பாதியைக்கூடத் தாங்கும் என்று நம்ப முடியாது. செங்கல் சுவரானால் ஆங்கர் போல்ட், மெல்லிய சுவரானால் மறுபக்கம் தகடு வைத்து ஊடுருவும் போல்ட், இரண்டும் இயலாவிட்டால் தரையில் கால் ஊன்றும் கம்பி. கடலோர ஊர்களில் 304 தரத்து எஃகும் கறை பிடிக்கும். 316 தரம் கேளுங்கள்.

அறிகுறி: தானாகக் கழுவிக்கொள்ள முடியவில்லை, அல்லது ஃப்ளஷ் செய்யாமல் வந்துவிடுகிறார்

பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் குறை இது, மானம் சம்பந்தப்பட்டது. கழுவ முடியவில்லை என்பதற்காகவே சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளும் முதியவர்கள் இருக்கிறார்கள். ஹெல்த் ஃபாசெட் வலுவுள்ள கையின் பக்கத்தில், உட்கார்ந்தவரின் தொடைக்கு நேராக, உடலைத் திருப்பாமல் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்; வழக்கம்போலத் தொட்டிக்கு அருகே பின்னால் மாட்டினால் ஒருபக்கச் செயலிழப்பு உள்ளவர் திரும்பும்போதே சாய்ந்துவிடுவார். முன்புறம் திறந்த, லாடம் போன்ற வடிவமுள்ள சீட் கை நுழைய வழிவிடும். விசையை அழுத்தும் விரல்பலமே இல்லாதவருக்கு, பக்கவாட்டுப் பிடியைத் திருப்பினால் உள்ளிருந்து நீர் பீய்ச்சும் குழாய் பொருத்திய சீட் உதவும். மின்சாரத்தில் இயங்குவது வேண்டுமென்றால் எர்த் இணைப்பும், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தை உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம். வாங்குமுன் பெட்டியில் அச்சிட்ட குறைந்தபட்ச நீரழுத்தத்தைப் பாருங்கள்: மொட்டைமாடித் தொட்டி குழாய்க்கு மேல் பத்தடியில் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் 0.3 பார் மட்டுமே.

ஃப்ளஷ் விஷயத்தில், தொட்டியின் மேல்மூடியில் உள்ள வட்டப் பொத்தான்கள் மூட்டுவாதக் கைகளுக்குக் கடினமானவை. தொட்டியின் பக்கத்தில் பெரிய நெம்பு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். அந்த நெம்பு திறந்த பக்கத்தில், சக்கர நாற்காலிக்குத் திரும்பியபின் எட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

அறிகுறி: புதுக் கமோட்டில் ஒரே ஃப்ளஷில் போகவில்லை, அடியில் கசிவும் நாற்றமும் இருக்கிறது

இந்தியக் கோப்பையை எடுத்துவிட்டுக் கமோட் வைத்த இடங்களில் இது அதிகம். பழைய கோப்பையின் வடிகால் துளை சுவரிலிருந்து தள்ளி இருக்கும். தரைக்குள் இறங்கும் எஸ் ட்ராப் கமோட்டுகள் சுவரிலிருந்து சுமார் 4, 9, 12 அங்குல அளவுகளில் கிடைக்கின்றன. சுவர் வழியாக வெளியேறும் பி ட்ராப் வேறு. டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரிலிருந்து துளையின் நடுப்பகுதி வரை அளந்து, அதற்கேற்ற மாதிரியை வாங்காவிட்டால், பிளம்பர் வளைந்த இணைப்பு ஒன்றைப் போட்டுச் சமாளிப்பார். அந்த வளைவில் 6 லிட்டர் நீரின் வேகம் தடைபடும். இணைப்பில் சிமென்ட் மட்டும் பூசியிருந்தால் கமோட்டின் சிறு ஆட்டத்திலும் விரிசல் விட்டு நாற்றம் வரும். ரப்பர் வளையமுள்ள பான் கனெக்டர் போடச் சொல்லுங்கள். சரிபார்க்க, வண்ணம் கலந்த நீரை ஊற்றி ஒரு மணி நேரம் கழித்து அடிவிளிம்பைக் காகிதத்தால் துடைத்துப் பார்த்தால் போதும். அந்த ஈரம் வயதானவரின் பாதம் ஊன்றும் இடத்தில்தான் பரவுகிறது என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அறிகுறி: நீளமான கமோட் வைத்தபின் கதவு முழுதாகத் திறக்கவில்லை

உள்நோக்கித் திறக்கும் கதவைக் கமோட்டின் முன்விளிம்பு தடுக்கிறது. சிறிய கமோட்டுக்குத் திரும்பிப் போகாதீர்கள். கதவை வெளிநோக்கித் திறக்கும்படி மாற்றுங்கள், அல்லது நகரும் கதவாக்குங்கள். உள்ளே விழுந்தவரின் உடலே உள்நோக்கித் திறக்கும் கதவை அடைத்துவிடும். அப்போது கதவை உடைக்கவும் முடியாது, தள்ளினால் அவருக்குக் காயமாகும். கதவு நிலை 900 மி.மீ. வழி தரும்படி இருக்கட்டும். படிக்கல் அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். உள்தாழ்ப்பாள் வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பக்கூடிய வகையாக இருக்க வேண்டும். கமோட்டின் பக்கத்தில் அழைப்பு மணிக்கான கயிற்றைத் தொங்கவிடும்போது அதைக் கை உயரத்தோடு நறுக்கிவிடாதீர்கள். அதன் நுனி தரையிலிருந்து நான்கு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, ஏனெனில் தரையில் கிடப்பவரின் கை எட்டுவது அவ்வளவுதான்.